நம்மூரில் நிற்காத ரயில்

கெலாங் பாத்தாவில் ரயில் நிலையம் கிடையாது. மலாயில் கெலாங் என்றால் வளையல், பாத்தா என்றால் ஒடிந்தது. ஒடிந்த வளையல் என்று பேர் வைத்த ஊருக்கு இரும்புப் பாதை எதற்கு என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ! ரயில் ஏற வேண்டுமானால் பஸ் பிடித்து ஜொகூர் பாருவுக்குப் போக வேண்டும். என் அப்பா காலத்திலும் அப்படித்தான், என் பிள்ளைகள் காலத்திலும் அப்படித்தான்.

ஆனால் ரயிலே இல்லாத ஊர் என்றும் சொல்லிவிட முடியாது. கெம்பாஸ் பாருவில் பெரிய பாதையிலிருந்து பிரிந்து தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்குப் போகிற கிளைப்பாதை நம்மூர்ப் பக்கமாகத்தான் போகிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம். கொன்டேனர் பெட்டிகளை ஏற்றிய சரக்கு வண்டிதான் அதில் ஓடும். சீனத்துச் சட்டையும் ஜப்பான் நாட்டு மோட்டார் சாமானும் அதில் போகலாம். நீங்களும் நானும் போக முடியாது. சங்கு ஊதுவது மட்டும் வீடு வரைக்கும் கேட்கும்.

அந்தச் சங்குச் சத்தம் கேட்டால் என் பெரியம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். அவருக்கு வயது எண்பத்தேழு. கல்யாணமாகி இந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்து, முதலில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனை வந்த பின் உதிரிப்பழம் பொறுக்கி, தோட்டம் வீடமைப்புக்காரர் கைக்குப் போன பிறகு மகனோடு தாமான் வீட்டில் இருக்கிறார். சென்ற தீபாவளிக்குப் போயிருந்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன்.

“ஏன் பெரியம்மா, ரயிலுன்னா உங்களுக்கு ஆகாதா?”

“எனக்கென்னடா தம்பி அதோட பகை? எங்கப்பன அதுதான் ஏத்திக்கிட்டுப் போச்சு. திருப்பிக் கொண்டாந்து விடல.”

எண்பத்தேழு வயதில் அவர் ஒரு தடவைகூட ரயில் ஏறியதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் ரயிலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் நம்மைச் சேர்ந்தது எவ்வளவு என்று பார்த்தபோது, தண்டவாளத்துக்கும் தோட்டத்துக்கும் இருக்கிற உறவு நான் நினைத்ததைவிடப் பழையது என்று புரிந்தது.

ரயில் பிறந்தது இங்கிலாந்தில். 1825-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி ஸ்டாக்டன், டார்லிங்டன் என்ற ஊர்களுக்கு இடையே நீராவி எஞ்சின் வண்டி இழுத்தது. அங்கே முக்கியமான சரக்கு நிலக்கரி. 1830-இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ஓடிய ரயில்தான் நேரம் குறித்து, டிக்கட் வாங்கி, ஆட்கள் ஏறிப் போகிற முறையை நிலைநாட்டியது. அதற்கு முன்னே மனிதன் குதிரையைவிட வேகமாக எங்கேயும் போனது கிடையாது. ராமர் காலத்திலும் குதிரை வேகம்தான், நெப்போலியன் காலத்திலும் குதிரை வேகம்தான்! இருபது முப்பது வருடத்தில் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது.

இந்தியாவுக்கு வந்தது 1853-இல். ஏப்ரல் 16-ஆம் தேதி பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் வண்டி ஓடியது, 34 கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டுக்கு மூன்று வருடம் கழித்து, 1856 ஜூலை 1-ஆம் தேதி, சென்னை ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரைக்கும். அந்த ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது. இலங்கையில் 1860-களில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை போட்டார்கள். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? மலையில் விளைந்த காப்பிக்கொட்டையைக் கீழே கொண்டுவர. தேயிலை பிறகு வந்தது. துரைமார்களின் காப்பிக்காகப் போட்ட பாதையில்தான் மலையகத் தமிழன் பிறகு பயணம் போனான்.

நாகப்பட்டினத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் பக்கம் ரயில் ஓட ஆரம்பித்தது, மறு வருடம் திருச்சி எட்டியது. நம் தாத்தா பாட்டிகளில் பலர் ஊரிலிருந்து ரயிலேறி நாகப்பட்டினத்து டிப்போவுக்கு வந்து, அங்கே அம்மை குத்திக்கொண்டு, கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர்கள். ‘ரஜூலா’ கப்பலைப் பற்றிப் பேசாத தோட்டத்துப் பெரியவர் உண்டா? ஆனால் அந்தக் கப்பலுக்கு முன்னால் ஒரு ரயில் இருந்தது என்பதை நாம் மறந்துபோகிறோம். கிராமத்தை விட்டு வெளியே வந்த நம்மவர் பலருக்கு முதல் இரும்பு வாகனம் அதுதான்.

இப்போது மலாயாவுக்கு வருவோம். 1885 ஜூன் 1-ஆம் தேதி, பேராக்கில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை எட்டு மைல் பாதை திறக்கப்பட்டது. தைப்பிங்கில் ஈயம் தோண்டினார்கள். அதைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். பாதை போட இலங்கையிலிருந்து பயனியர் படை என்ற வேலைப்படையைக் கொண்டுவந்தார்கள். சிலோன் மலைகளில் சடக்கு வெட்டிக் கை தேர்ந்த ஆட்கள். அப்போது இந்த நாட்டில் ரப்பர் தோட்டமே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். அதாவது, ரப்பருக்கு முன்னாலேயே தண்டவாளம் வந்துவிட்டது. போர்ட் வெல்ட் இப்போது கோலா செபேத்தாங். ரயில் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, ஸ்டேஷன் பெயர்ப்பலகை மட்டும் காப்பிக்கடைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்தப் பலகையில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. அந்தப் பக்கம் இறால் வாங்கப் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

மறு வருடம், 1886-இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் இருக்கிற புக்கிட் கூடாவுக்கு. 1891-இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு. இப்படித் துண்டு துண்டாக, ஈயச் சுரங்கத்திலிருந்து கடற்கரைக்கு, குறுக்காகத்தான் முதலில் போட்டார்கள். அவற்றை வடக்கு தெற்காகக் கோத்தது பிறகு. 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான் வரைக்கும் தொடர்ச்சியாக வண்டி ஓடியது.

அந்த நாளில் ரயிலை எதிர்த்து நின்றவர் ஒருவர் உண்டு. ஆள் அல்ல, யானை! 1894 செப்டம்பர் 17-ஆம் தேதி, தெலுக் ஆன்சன் பாதையில் ஒரு கொம்பன் யானை தன் கூட்டத்தைக் காப்பாற்ற ஓடுகிற ரயிலை முட்டித் தடம்புரள வைத்தது. யானையும் செத்தது. அது புதைந்த இடத்தில் அதற்கு ஒரு பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைப் பற்றிப் பிறகு ஒன்று சொல்ல வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நம் ஜொகூர்? இங்கேதான் ஒரு வேடிக்கை. மலாயாவின் முதல் ரயில் தைப்பிங் என்று பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோம். அதற்குப் பதினாறு வருடம் முன்னதாகவே, 1869-இல், மகாராஜா அபு பக்கார் ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் மலையை நோக்கி ஒரு பாதை போட ஆரம்பித்தார். நம்மூருக்கு வடக்கே இருக்கிற அதே பூலாய் மலைதான். இரும்புத் தண்டவாளத்துக்குச் செலவு அதிகம். ஜொகூர் காட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் தண்டவாளத்தையே மரத்தில் செய்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நம் நாட்டு மழையும் கறையானும் என்ன ஆகும் என்று தோட்டத்து லயத்தில் குடியிருந்த எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்களே! கறையான் அரித்துத் தின்று தீர்த்தது. பாதை கைவிடப்பட்டது. 1890-இல் மூவாரில் ஒரு சின்ன ரயில் பாதை வந்தது, பண்டார் மகாராணிக்கும் பாரிட் ஜாவாவுக்கும் இடையே. அது மூவாரோடு சரி.

ஜொகூரின் உண்மையான ரயில் 1909-இல் வந்தது. கிம்மாஸிலிருந்து சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய், கெம்பாஸ் வழியாக ஜொகூர் பாரு வரை 120 மைல். அதே சமயத்தில்தான் ரப்பர் விலை ஏறியது. பாதையின் இரு பக்கமும் காடு அழிந்து தோட்டமாயிற்று. ஸ்டேஷன் இருக்கிற இடத்தில் ஊர் முளைத்தது. அந்த ஊர்களில் மாரியம்மன் கோயிலும் ஸ்டேஷனும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாதையைப் போட்டவனும் பராமரித்தவனும் தன் தெய்வத்தையும் கூடவே கொண்டுவந்தான். நாட்டின் நடுப்பக்கமாக வந்த பாதை மேற்குக் கரையோரத்தில் இருந்த கெலாங் பாத்தாவை எட்டிப் பார்க்கவில்லை. நமக்கு ஆறும் கடலும் சடக்கும்தான்.

ஜொகூர் பாருவுக்கு வந்த வண்டி சிங்கப்பூர் போக, நடுவே கடல். முதலில் தெப்பத்தில் சரக்கு வண்டிகளை ஏற்றி இழுத்துக் கரை சேர்த்தார்கள். தாங்கவில்லை. 1919-இல் கல் கொட்ட ஆரம்பித்து, 1923-இல் பாலத்தின் மேல் ரயில் ஓடியது. 1924 ஜூன் 28-ஆம் தேதி முறைப்படி திறப்பு விழா. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். வேலைக்குப் போகிறவர்கள் இன்றைக்கு மோட்டார் சைக்கிளில் மணிக்கணக்காகக் காத்து நிற்கிற அதே பாலம்தான். ரயிலுக்காகத்தான் அது முதலில் கட்டப்பட்டது என்று நெரிசலில் நிற்கும்போது நினைத்துப் பாருங்கள், கொஞ்சம் பொழுது போகும்.

தண்டவாளம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. அதற்குக் கீழே சிலிப்பர் கட்டை, கட்டைக்குக் கீழே கருங்கல் ஜல்லி. வண்டி ஓட ஓட ஜல்லி நகரும், கட்டை தளரும், வெயிலில் இரும்பு நீளும், மழையில் மண் கரையும். ஒவ்வொரு சில மைலுக்கும் ஒரு கூட்டம் ஆட்கள் தினம் நடந்து பார்த்து, ஆணி அடித்து, ஜல்லி இடித்து, புல் வெட்டினால்தான் வண்டி தடத்தில் நிற்கும். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் தமிழர். அவர்களுக்கும் ஒரு கங்காணி, அவர்களுக்கும் ஒரு லயம். தோட்டத்தில் மரம், அங்கே இரும்பு, வித்தியாசம் அவ்வளவுதான். அவர்களில் பலருக்கு நாள் சம்பளம். அதை மாதச் சம்பளமாக்கக் கேட்டு ரயில் தொழிலாளர் சங்கம் 1962 டிசம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 1963 ஜனவரியில்தான் முடிந்தது. மாதச் சம்பளம் என்று நம் தோட்டத் தொழிலாளர் பிறகு கேட்டபோது, ‘அதெப்படி முடியும்’ என்றவர்களுக்கு ரயில்காரர்கள் முன்னமே பதில் சொல்லியிருந்தார்கள்.

பெரியம்மாவின் அப்பாவிடம் வருகிறேன். இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன், கை வரவில்லை.

1942-இல் ஜப்பான்காரன் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தான், பர்மாவையும் பிடித்தான். பர்மாவில் இருக்கிற படைக்கு அரிசியும் குண்டும் அனுப்ப வேண்டும். கடல் வழியாகப் போனால் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் அடிக்கிறது. அதனால் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டு வழியே ஒரு ரயில் பாதை என்று முடிவு செய்தான். சயாமில் பான் போங் பக்கத்தில் நோங் பிளாடுக்கில் தொடங்கி, பர்மாவில் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் காலத்திலேயே அந்த வழியை அளந்து பார்த்து, மலையும் காய்ச்சலும் மழையும் கண்டு வேண்டாம் என்று விட்ட இடம் அது.

இரும்புக்கு எங்கே போவது? இங்கேதான் நம் நாடு வருகிறது. மலாயா, சயாம், பர்மா மூன்றிலும் பாதையின் அகலம் ஒன்றே, ஒரு மீட்டர். மூன்று நாட்டுத் தண்டவாளமும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று பொருந்தும். கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை கிளந்தானுக்குப் போகும் கிழக்குக்கரைப் பாதை 1931-இல்தான் முழுதாக முடிந்திருந்தது. அதில் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்தார்கள். மலாக்காவுக்குப் போன கிளைப்பாதையையும் பெயர்த்தார்கள். அந்த இரும்பு வண்டியேறிச் சயாமுக்குப் போனது. இரும்பு போன வழியிலேயே ஆளும் போனான்.

தோட்டங்களில் அப்போது வேலையில்லை. ரப்பர் வாங்க நாதியில்லை. அரிசியில்லை, மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. அந்த நேரத்தில், “மூணு மாச வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு குடுப்பாங்க” என்று சொல்லி ஆள் எடுத்தார்கள். சொல்லுக்கு மயங்கிப் போனவர்கள் கொஞ்சம். ஒவ்வொரு தோட்டமும் இத்தனை ஆள் தர வேண்டும் என்று கணக்குக் கேட்டபோது கிராணியும் கங்காணியும் பேர் எழுதிக் கொடுத்ததால் போனவர்கள் நிறைய. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்குள் கூட்டி, கதவைச் சாத்தி, படம் முடிந்ததும் நேராக வண்டியில் ஏற்றிய கதையும் உண்டு. சரக்கு ஏற்றுகிற மூடிய பெட்டியில் முப்பது நாற்பது பேர். உட்கார இடமில்லை. பகலில் இரும்புச் சுவர் தொட்டால் சுடும், ராத்திரியில் குளிரும். நான்கைந்து நாள் பயணம்.

பெரியம்மா அப்போது குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஐந்து வயதுக் குழந்தை. “ஸ்டேஷனுக்கு எங்கம்மா தூக்கிக்கிட்டுப் போனாங்க. அப்பா பெட்டிக்குள்ள இருந்து கையக் காட்டுனாரு. எந்தக் கைன்னு தெரியல, நெறைய கை. நானும் ஏதோ ஒரு கையப் பாத்து ஆட்டுனேன்” என்றார். அவருடைய அப்பாவைப் பற்றி அவருக்கு இருக்கிற ஞாபகம் அவ்வளவுதான். முகம் ஞாபகமில்லை.

1943 மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. சீக்கிரம் முடி, சீக்கிரம் முடி என்று மேலிடத்து உத்தரவு. மழையோடு காலரா வந்தது. அந்தப் பாதையில் 60,000-க்கும் அதிகமான நேசநாட்டுப் போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள்; அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்கள் பட்டதும் கொடுமைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ராணுவக்காரர்கள் என்பதால் அவர்களுக்குள் அதிகாரி இருந்தான், மருத்துவர் இருந்தார், கக்கூஸை எங்கே வெட்டுவது, தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று சொல்ல ஓர் ஒழுங்கு இருந்தது. நம்மவர்களுக்கு யார் சொன்னது? ஓடும் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். மேலே இருக்கிற முகாமின் அசுத்தம் அதே தண்ணீரில் கீழே வந்தது. ஒரு முகாமில் இரண்டு மூன்று நாளில் பாதிப் பேர் போய்விடுவார்கள். கடைசியில் போர்க்கைதிகளில் இருந்த மருத்துவர்கள் சிலரைக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

1943 அக்டோபர் 17-ஆம் தேதி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த தண்டவாளம் கொன்கொய்த்தாவில் சேர்ந்தது. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் போனார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். செத்தவர்கள் ஏறத்தாழ 30,000 என்பது போருக்குப் பின் எடுத்த கணக்கு. காட்டுக்குள் ஓடிப்போனவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் வேறு ஆயிரக்கணக்கில் உண்டு. ஓடி எங்கே போயிருப்பார்கள்? பர்மியர், சாவகத்தார், சயாமியர் எல்லாரையும் சேர்த்தால் செத்த ஆசியத் தொழிலாளர் தொகை ஒரு லட்சத்தை நெருங்கும் என்கிறார்கள்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஒரு மயானம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெயர் பொறித்த வரிசை வரிசையான பலகைகள், வெட்டிவிட்ட புல். சினிமாவில் காட்டிய குவாய் ஆற்றுப் பாலத்தைப் பார்க்க உலகமே அங்கே போகிறது. நம்மவர்களுக்குப் பெயர்ப் பட்டியலும் கிடையாது, கல்லும் கிடையாது. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. யார் என்று சொல்ல ஆளில்லை. 2023-இல்தான் அவ்வூர்ப் புத்த கோயில் ஒன்றில் தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல் நாட்டினார்கள். எண்பது வருடம் கழித்து! தெலுக் ஆன்சன் யானைக்குப் பலகை நட்டதைச் சொன்னேன் அல்லவா? யானையின் மேல் எனக்குக் கோபமில்லை. அது வீரமான யானை. ஆனாலும் மனசு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

பணம்? போருக்குப் பின் சயாம் தன் பக்கத்துப் பாதையை விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. 1967-இல் ஜப்பானுக்கும் மலேசியாவுக்கும் ஓர் ஒப்பந்தம் ஆகி, 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்பில் இரண்டு கப்பல்களை ஜப்பான் கொடுத்தது. அதோடு கணக்கு முடிந்தது என்றார்கள். கப்பல் நாட்டுக்குப் பயன்பட்டிருக்கும், மறுக்கவில்லை. லயத்துக் கைம்பெண்ணுக்கு அந்தக் கப்பலில் எந்தப் பலகை சொந்தம்? இழப்பீடு கேட்டு இன்றைக்கும் குரல் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கிறவர்களே இப்போது பேரப்பிள்ளைகள்.

1945, 46-இல் பிழைத்தவர்களை ரயிலில் திருப்பி அனுப்பினார்கள். வண்டி வருகிறது என்று கேள்விப்பட்டால் பெரியம்மாவின் அம்மா குளுவாங் ஸ்டேஷனுக்கு நடந்தே போவாராம். அதே லயத்திலிருந்து போன ஒருவர் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு. அவரிடம் போய்க் கேட்டதற்கு, “நான் பாக்கல ஆத்தா” என்று மட்டும் சொன்னார். பார்த்தாரா, பார்க்கவில்லையா, பார்த்ததைச் சொல்ல வாய் வரவில்லையா, யாருக்குத் தெரியும்? அவரும் இரண்டு வருடத்தில் போய்விட்டார். செத்துவிட்டார் என்று ஒருவரும் சொல்லாததால் அந்த அம்மாள் தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. ஊரில் சிலர் வாய்விட்டே பேசினார்கள். 1971-இல் அவர் இறந்தபோது தாலியோடுதான் எடுத்தார்கள். “திதி குடுக்கவும் தேதி தெரியாதே, எந்தத் தேதியில குடுப்பேன்? ஆடி அமாவாசையோட சரி” என்றார் பெரியம்மா.

கிழக்குக்கரைப் பாதையைத் திரும்பப் போட்டு முடிக்க 1954 ஆயிற்று. மலாக்கா பாதையைத் திரும்பப் போடவே இல்லை. அதனால்தான் மலாக்கா போகிற ரயில் பயணி புலாவ் செபாங் ஸ்டேஷனில் இறங்கிப் பஸ் ஏறுகிறார். ஏன் மலாக்காவுக்கு ரயில் இல்லை என்று யாராவது கேட்டால், அந்தத் தண்டவாளம் சயாமுக்குப் போனது என்று சொல்லுங்கள்.

அதன் பிறகு உலகம் வேகமாகப் போய்விட்டது. ரஷ்யாவில் மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்டாக் வரை 9,289 கிலோமீட்டர் ஒரே பாதை, ஏறினால் ஒரு வாரம். 1964 அக்டோபரில் அதே ஜப்பான் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ‘ஷின்கான்சென்’ ரயிலை ஓட்டி உலகத்தை வாய் பிளக்க வைத்தது. கெட்டிக்காரர்கள்தான். அதே 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் புயல் அடித்து, ஒரு பயணிகள் வண்டியையே கடல் கொண்டுபோனது. அந்தச் செய்தியைத் தோட்டத்தில் வானொலியில் கேட்டு அழுத பெரியவர்களை நான் அறிவேன். ராமநாதபுரத்துக்காரர்கள் அநேகம் பேர் நம் பக்கத்தில் உண்டு.

நம் ஜொகூரில்? தஞ்சோங் பகார் ஸ்டேஷனிலிருந்து கடைசி வண்டி 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு புறப்பட்டது. சுல்தான் இப்ராஹிம் தாமே எஞ்சினை ஓட்டிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு வந்தார். கிம்மாஸிலிருந்து தெற்கே ஒற்றைப் பாதையாக இருந்ததை மின்சார இரட்டைப் பாதை ஆக்கினார்கள். 2025-இல் மின்சார வண்டி சிகாமட்டையும் குளுவாங்கையும் எட்டியது. கரிப்புகையும் இல்லை, டீசல் நாற்றமும் இல்லை. நான் இளவட்டமாக இருந்தபோது ராத்திரி மெயிலில் மூன்றாம் வகுப்பில் கோலாலம்பூர் போவேன். மரப் பலகை ஆசனம், மடியில் துணிமூட்டை, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நாசி லெமாக் விற்கிற குரல். தூக்கம் வராது. வந்தாலும் பக்கத்து ஆள் தோளில்தான்.

பொங்கலுக்கு மறுநாள் படித்ததையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். மலாக்காத் தண்டவாளக் கதையையும் நடுகல் கதையையும் இரண்டு முறை சொல்லச் சொன்னார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “அந்தச் சயாமுக்கு இங்கேருந்து ரயிலு போகுதா?” என்று கேட்டார்.

போகிறது என்றேன். ஜொகூர் பாருவில் ஏறிக் கோலாலம்பூர், அங்கே மாறிப் பாடாங் பெசார். பாடாங் பெசாரில் சயாம் நாட்டு வண்டி நிற்கும், பாங்காக் போகும். பாங்காக்கில் தோன்புரி என்ற ஸ்டேஷனிலிருந்து காஞ்சனபுரிக்கு இன்றைக்கும் தினம் வண்டி உண்டு. அந்தப் பழைய பாதையில் கொஞ்ச தூரம் இன்னும் ஓடுகிறது.

“எத்தன நாளு?”

“நின்னு நின்னு போனாலும் ரெண்டு மூணு நாளு.”

“குளுவாங் வழியாவா?”

“குளுவாங் வழியாத்தான் பெரியம்மா. வேற வழி கெடையாது.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் அவருடைய மகன் எனக்குப் போன் பண்ணினார். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், அடையாளக் கார்டு இருக்கிறது, பிறப்புப் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார். அந்தப் பத்திரத்தில் அப்பா பெயர் எந்த எழுத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பெரியம்மா பார்க்க வேண்டுமாம். இன்னொன்றும் கேட்கச் சொன்னாராம்: படம் பிடிக்கும்போது நெற்றியில் திருநீறு வைத்துக்கொள்ளலாமா, கூடாதா?